வர்ணம் பூசாத ஆறு படங்கள்

படக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றும் அந்தக் கூச்சம் போகவில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

படம் கழுவ மருந்து கலக்குவது, வெளிச்சம் வைப்பது பற்றி எழுதப் போவதில்லை. உங்களிடம் ஒரு மணி நேரத்தில் படம் போட்டுத் தரும் இயந்திரம் இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை பேருடைய படமும் அதன் வாய் வழியாக உங்கள் கண் முன்னால்தான் வந்து விழுகிறது. அதனால்தான் ஒரு தவறைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நான் செய்தது. கடையில் நடந்ததை வெளியில் சொல்லாதே என்று எனக்கு அன்றைக்கே சொன்னார்கள். அன்றைக்கே நான் கேட்கவில்லை.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த அடுத்த வருடம். எனக்குப் பத்தொன்பது வயது. காஜா பெராங்கிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு வரும் வழியில் இருந்த ஒரு படக்கடையில் வேலை. அந்த நாளில் ஊரே படம் எடுத்துக்கொண்டது. குடியுரிமைத் தாளுக்குப் படம், அடையாள அட்டைக்குப் படம், அரசாங்க வேலைக்கு மனுப் போடப் படம். பள்ளியை முடிக்கப் போகும் பெண் பிள்ளைகள் தோழிகளுக்குக் கொடுக்க ஒரு நல்ல படம் எடுப்பார்கள். பின்னால் இரண்டு வரி எழுதி, பெயர் போட்டு, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள்.

கவுண்டரைப் பார்ப்பது, பெண்கள் வந்தால் உடையையும் தலைமுடியையும் சரி செய்வது, நெகடிவில் பென்சிலால் பருக்களை மறைப்பது, படத்துக்கு வர்ணம் பூசுவது, இவை என் வேலை. அப்போது வர்ணப் படம் எங்கள் கடையில் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பஞ்சால் எண்ணெய் வர்ணம் தேய்ப்போம். கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஸ், உதட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் கடை முத்திரை குத்துவோம். முத்திரைக்கு நடுவில் நெகடிவின் எண் இருக்கும். அதன் கீழே, 'இந்த எண்ணைச் சொன்னால் எப்போதும் பிரதி கிடைக்கும்.' முதலாளிக்கு அந்த வரியில் ரொம்பப் பெருமை. "பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் எடுத்துக் குடுப்போம்லா. எந்தக் கடையில இருக்கு இது?" என்பார். நெகடிவ்கள் காகித உறைகளில் வரிசையாக இருக்கும். உறையின் மேல் எண், பெயர், முகவரி. எந்த எண்ணுக்கு எத்தனை படம் போட்டோம் என்று பதிவேட்டில் அந்த எண்ணுக்கான பக்கத்தில் குறித்து வைப்போம். யார் வந்து எண்ணைச் சொன்னாலும் எடுத்துக் கொடுப்போம். நீங்கள் யார் என்று கேட்கும் வழக்கம் இல்லை. பிரதி தயாரானதும் உறையில் இருக்கும் பெயரையும் முகவரியையும் பொட்டலத்தின் மேல் எழுதி வைப்போம், மாறிப் போகாமல் இருக்க.

இப்போது படிக்கும்போது உங்களுக்கே தெரியும், அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று. எங்களுக்கு அப்போது அது ஒழுங்கு.

மீனாட்சி என்ற பெண் காஜா பெராங் செட்டிக் கம்பத்திலிருந்து, அதாவது செட்டிகள் குடியிருப்பிலிருந்து, வந்தாள். பதினேழு வயது. மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்பிடும் சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், உடை சாரோங் கைலியும் கெபாயா என்ற மேல்சட்டையும், வீட்டுப் பேச்சு மலாய். அவள் என்னிடம் பேசியதெல்லாம் அவர்களுடைய மலாய்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

அம்மாவின் கெபாயாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் கழுத்துப் பக்கம் இழுத்துச் சரி செய்தேன்.

"அக்கா, இது பச்சை. படத்துலயும் பச்சையா வருமா?"

"வர வைக்கிறேன்."

"நாலு போதும். நாலு பேர்தான் என் கூட்டாளிங்க. மத்தவளுங்களுக்கு என் மூஞ்சி எதுக்கு?"

நாலு படத்துக்கும் பச்சை பூசினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். வருடக் கடைசியில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டு மிஸ்ஸி வேலைக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரித் தாதியைத்தான் நாங்கள் மிஸ்ஸி என்போம்.

ஒரு மாதம் கழித்து ஓர் ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் நெகடிவின் எண் மட்டும் எழுதியிருந்தது.

"வணக்கம் மிஸ். இதுல ஆறு காப்பி வேணும்."

உறையை எடுத்துப் பார்த்தேன். மீனாட்சியின் உறை.

"என் தங்கச்சிதான்," என்றார். "மீனாட்சி. சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும். அம்மா தொந்தரவு தாங்கல."

"வர்ணம் பூசணுமா?"

"வேணாம் வேணாம். சீக்கிரம் வேணும், அதான்."

அன்று காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசி என்னைத் திணற வைத்திருந்தார்கள். இவர் தமிழில் பேசினார். வணக்கம் சொன்னார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த நிம்மதியில் என் புத்தி தூங்கிவிட்டது. செட்டிக் கம்பத்துப் பெண்ணுக்கு இவ்வளவு சரளமாகத் தமிழ் பேசும் அண்ணன் எங்கிருந்து வந்தான் என்று நான் ஒரு விநாடி யோசித்திருந்தால் போதும். ஆறு படம் போட்டேன். பொட்டலத்தின் மேல் அழகான கையெழுத்தில் அவள் பெயரையும் வீட்டு எண்ணையும் சாலையையும் எழுதி அவர் கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

நமக்குப் பழக்கமான பேச்சு நம் காவலைக் கழற்றி வைத்துவிடும். இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மீனாட்சி தனியாகக் கடைக்கு வந்தாள். பள்ளி நேரம், ஆனால் சீருடையில் இல்லை. ஒரு படத்தைக் கவிழ்த்துக் கவுண்டரில் வைத்தாள்.

"அக்கா, என் படம் எத்தனை போட்டீங்க?"

"நாலு."

"நாலுக்கும் பச்சை பூசினீங்க, இல்லையா?"

"ஆமா."

படத்தைத் திருப்பினாள். கெபாயா சாம்பல் நிறத்தில் இருந்தது.

"அப்போ இவ யாரு?"

அவள் நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. சிகாமட்டிலிருந்து ஒன்று, சிரம்பானிலிருந்து இரண்டு, பிறகு தினமும். எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். உன் படத்தைப் பார்த்தேன், உன்னைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டிருந்தார்கள். பத்துப் பகாட் ஊரிலிருந்து ஒரு பெரியவர் மட்டும், 'மகளே, இது என் கடைக்கு வந்த ஒருவன் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தது, உன் பெற்றோரிடம் கொடு' என்று எழுதிப் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். படத்தின் பின்னால் எங்கள் முத்திரைக்குப் பக்கத்தில் அவளுடைய முகவரி, வீட்டு எண்ணில் வால் வளைந்த ஓர் ஏழு. அதற்கு மேலே, 'பேனா நண்பர்கள் தேவை' என்று ஆங்கிலத்தில். அவள் கையெழுத்து இல்லை.

"அப்பா நான்தான் குடுத்தேன்னு நெனைக்கிறாரு. பத்து நாளா பள்ளிக்கூடம் இல்ல. பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருக்கு." அவள் அழவில்லை. கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. "வர்ணம் இல்லாத படம் நான் வாங்கவே இல்லன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா."

முதலாளி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தார். அவளிடம் மலாயில், ரொம்ப அன்பாக, "யாரோ உன் படத்தை வச்சு வேற கடையில நகல் எடுத்திருப்பாங்க, பிள்ளை. இங்க அப்படி நடக்காது," என்றார்.

எங்கள் முத்திரை, எங்கள் எண், இரண்டும் அவர் கண் முன்னால் கிடந்தன. மீனாட்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது என் இரண்டாவது தவறு. முதல் தவறை அறியாமல் செய்தேன். இதை அறிந்தே செய்தேன்.

அவள் போனதும் முதலாளி சொன்னார்: "இங்க பாரு. பொம்பளப் பிள்ளை படம் புடிச்சா நாலு பேரு பாக்கத்தான் செய்வான். பயமா இருந்தா புடிக்கக் கூடாது. நீ வாயத் தொறந்தா நாளைக்கு ஒரு குடும்பம் இந்தப் பக்கம் வராது. புரியுதா?"

எனக்குப் புரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. கடையை நம்பி வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். ஆனால் அந்த வாக்கியம், 'பயமா இருந்தா புடிக்கக் கூடாது', அதை அதற்குப் பிறகும் எத்தனையோ வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்பீர்கள். பிள்ளை ஏன் படம் எடுத்தாள், ஏன் தோழிக்குக் கொடுத்தாள், ஏன் சிரித்தாள். கேள்வி எல்லாம் பிள்ளைக்குத்தான். எண்ணைக் காட்டியதும் எடுத்துக் கொடுத்த கையை யாரும் கேட்பதில்லை. அந்தக் கை என்னுடையது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. கடையில் கூட்டம். அதே வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளே வந்தார். அதே எண், இன்னொரு துண்டுச் சீட்டு.

"மிஸ், இந்தத் தடவை பன்னெண்டு போடுங்க."

சீட்டைப் பார்த்தேன். படத்தின் பின்னால் இருந்த அதே வளைந்த ஏழு. சீட்டின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"உங்க அம்மாவுக்குப் போன தடவை படம் பிடிச்சுதா?"

"ரொம்ப சந்தோசம் அவங்களுக்கு."

"வீட்டுல அம்மாகிட்ட தமிழ்லதான் பேசுவீங்களா?"

"பின்ன? பெத்தவகிட்ட வேற என்னத்துல பேசுறது?"

"செட்டிக் கம்பத்துலயா?"

வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். "செட்டிக் கம்பத்துல தமிழ் பேசுற அம்மாவா? எந்த வீடு தம்பி? நானும் இருவது வருஷமா அந்தக் கோயிலுக்குப் போறேன், பேச்சுத்துணைக்கு ஒருத்தரும் ஆம்புடல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் முகம் மாறியது.

நான் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். "உங்க பேரு, வீட்டு நம்பர் எழுதுங்க. அப்புறம் பேசலாம்."

"என்ன புதுசா? போன தடவை கேக்கல?"

"போன தடவை கேக்காதது என் தப்பு."

"முதலாளியக் கூப்பிடு. உன்கூட எனக்கென்ன பேச்சு?"

முதலாளி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தணிந்த குரலில், "போட்டுக் குடுத்து அனுப்பு. நெகடிவ் நம்ம சொத்து. நாம யாருக்கு வேணும்னாலும் குடுப்போம்," என்றார்.

"நெகடிவ் உங்க சொத்து," என்றேன். "மூஞ்சி அவளோடது. முடியாது."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் கையைச் சீட்டிலிருந்து எடுக்கவில்லை. துணிச்சல் என்றால் பயம் போன பிறகு வருவது என்று நினைக்காதீர்கள். அது போகட்டும் என்று காத்திருந்தால் அன்றைக்கு நான் பேசியே இருக்க மாட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் பேனாவைத் தொடவில்லை. அந்த அம்மா வழிவிடாமல் நின்றதால் பக்கவாட்டில் நெளிந்து வெளியே போனார்.

என் வேலை போனதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கூட்டம் கலைந்ததும், "நாளையிலேருந்து வராத," என்றார் முதலாளி. நான் மீனாட்சியின் உறையை நெகடிவோடு எடுத்தேன். பதிவேட்டில் அவள் எண்ணுக்கு என் கையால் எழுதியிருந்த பக்கத்தையும் கிழித்தேன். திருட்டு என்பீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நான் அதற்காக வெட்கப்பட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து பண்டார் ஹிலிரில் இன்னொரு கடையில் சேர்ந்தேன். கண் கெட்டு, போதும் என்று டாக்டர் சொல்லும்வரை அங்கேதான் இருந்தேன். சேரும்போதே மூன்று விஷயம் சொன்னேன். படத்தில் இருப்பவர் வராமலோ, பெற்றவர்கள் வராமலோ பிரதி கிடையாது. வருபவர் தன் பெயரை எழுத வேண்டும். பொட்டலத்தின் மேல் முகவரி எழுத மாட்டேன். பிள்ளைகள் படம் வாங்க வந்தால் பின்னால் இருக்கும் எண்ணைக் காட்டி, "இது யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட உன் படம் இருக்கு, யாருக்குக் குடுக்குறேன்னு நீயே யோசிச்சுக்கோ," என்று சொல்வேன். அவ்வளவுதான். திட்ட மாட்டேன். திட்டினால் அடுத்த முறை ஆபத்து வரும்போது அந்தப் பிள்ளை உங்களிடம் வரமாட்டாள். மீனாட்சி என்னிடம் வந்தாள் என்பதை நான் மறக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். கடையிலிருந்து நேராகச் செட்டிக் கம்பத்துக்கு நடந்தேன். பொட்டலத்தில் நானே எழுதிய முகவரி, தேட வேண்டியிருக்கவில்லை. மீனாட்சியின் அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை. அரை நாள் வேலை முடிந்து சாரோங்கில் உட்கார்ந்திருந்தார். மேசையில் கடிதங்கள் நூலால் கட்டிக் கிடந்தன. மீனாட்சி உள்வாசலில் நின்றாள், அவள் அம்மா பின்னால்.

வழியெல்லாம் மலாயில் நல்ல வாக்கியம் ஒன்று தயார் செய்திருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "சாயா யாங் சாலா," என்றேன். தப்பு செய்தது நான்தான் என்று அர்த்தம். வேறொன்றும் வரவில்லை. மீனாட்சியிடம் கை நீட்டினேன். அவள் ஒரு தோழியிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த பச்சைப் படத்தையும் திரும்பி வந்த சாம்பல் படத்தையும் கொண்டுவந்தாள். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் பதிவேட்டுப் பக்கத்தை வைத்தேன். நாலு, வர்ணத்தோடு, மீனாட்சி. ஆறு, வர்ணம் இல்லாமல், அண்ணன். கடைசியாக அந்த ஆளின் சீட்டு. படத்தின் பின்புறத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஏழில் அவர் விரல் நின்றது.

"இவளுக்கு அண்ணனே கிடையாது," என்றார்.

"தெரியும் ஐயா. இப்ப தெரியும்."

அவர் சீட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அது சரி," என்றார். "இவ கூட்டாளிங்களுக்குப் படம் குடுக்காம இருந்திருந்தா அவனுக்கு நம்பர் எப்படிக் கிடைச்சிருக்கும்? ஏதோ ஒரு வீட்டுல பாத்துத்தானே எழுதிக்கிட்டான்? பள்ளிக்கூடம் போனதுனால வந்தது. அத நிப்பாட்டுறதுதான் நல்லது."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என் உடைந்த மலாய் அந்தக் கோபத்தில் நன்றாகவே ஓடியது.

"ஐயா, அவ நாலு படத்தை நாலு சினேகிதிங்களுக்குக் குடுத்தா. அவளுக்குத் தெரிஞ்சவங்களுக்கு. நான் ஆறு படத்தையும் இந்த வீட்டு முகவரியையும் பேரு தெரியாத ஒருத்தனுக்குக் குடுத்தேன். நிப்பாட்டணும்னா என் வேலையை நிப்பாட்டணும். அது இன்னைக்கு நின்னுபோச்சு. அவளோடத எதுக்கு நிப்பாட்டுறீங்க?"

அவர் மனைவி உள்ளேயிருந்து, "பெதுல்," என்றார். சரிதான் என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பார்வையைத் தாழ்த்தவில்லை.

நான் உறையைத் திறந்து நெகடிவை வெளியே எடுத்தேன். "இனிமே இது இல்லாம எந்தக் கடையிலயும் இந்தப் படம் போட முடியாது. வேற நெகடிவ் இல்ல." அவர் கை நீட்டினார். நான் அவரிடம் கொடுக்கவில்லை. மீனாட்சியிடம் கொடுத்தேன்.

"பாக்கார்," என்றார் அவர். எரித்துவிடு.

அவள் ஜன்னல் பக்கம் போய் நெகடிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நெகடிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும். கறுப்பு முகம், வெள்ளை முடி, உதடு மட்டும் மங்கலாகத் தெரியும். எல்லாப் பெண்களும் தங்கள் நெகடிவைப் பார்த்தால் பயந்து சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. நன்றாகப் பார்த்தாள்.

"எரிக்க மாட்டேன் அப்பா," என்றாள். "இது நல்லா இருக்கு. என் மூஞ்சி என்ன தப்பு செஞ்சுச்சு?"

அவள் நெகடிவை உறையில் போட்டுத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் தாண்டிப் போய், கொடியில் பன்னிரண்டு நாளாகத் தொங்கிய பள்ளிச் சீருடையை எடுத்து உதறினாள். மேசையில் இருந்த கடிதக் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை அங்கே விரித்தாள்.

அவள் அப்பா அந்தச் சீருடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அம்மா உள்ளே போய் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி எடுத்துப் போடும் சத்தம் கேட்டது.